பட்டியலில் நாற்பத்தோரு பேர்

நாற்பத்தொன்று. இன்னொரு முறை எண்ணிவிடலாம். புங்கமரத்து நிழலில் பதினெட்டுப் பேர், நிழல் எட்டாமல் வெயிலில் நிற்பவர்கள் பதினான்கு பேர், ஸ்கூட்டர்களின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பவர்கள் எட்டுப் பேர், அது நாற்பது, என்னையும் சேர்த்தால் நாற்பத்தொன்று. கையிலிருக்கும் அட்டையில் செருகிய தாளிலும் நாற்பத்தொன்றுதான். வரிசை எண், பெயர், கையெழுத்து என்று மூன்று கட்டங்கள். எல்லோரும் அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கணக்கு சரியாக இருக்கிறது, அதுதான் சரியில்லை. ஆரஞ்சு நிற மேல்சட்டைக்குள் வியர்வை முதுகில் ஒரே கோடாக இறங்குகிறது. ஐந்தாவது மாடிக்குத் தீத்தடுப்புப் பொறுப்பாளர் நான். கழுத்தில் விசில், மார்பில் பொறுப்பாளர் என்று பெரிய எழுத்து. வருடத்துக்கு இரண்டு முறை இப்படி ஒத்திகை நடக்கும், மணி அடிக்கும், எல்லோரும் படியிறங்கி வந்து இந்த மரத்தடியில் நிற்போம், நான் எண்ணுவேன், தாளைக் கொடுப்பேன், மேலே போவோம். இன்று மணி அடித்தது பத்து நாற்பதுக்கு. இப்போது பத்து நாற்பத்தாறு. மேலே, தெற்குச் சன்னலோரம், என் நாற்காலியில், என் கணினிக்கு முன்னால் இசக்கியம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பெயர் இந்தத் தாளில் இல்லை.

இல்லாதது யாருடைய தவறும் அல்ல என்றுதான் சொல்வார்கள். தாள் நிறுவனத்தின் பட்டியலிலிருந்து அச்சாகி வருகிறது, அதில் நிரந்தர ஊழியர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அடையாள அட்டையை நீலப் பட்டையில் தொங்கவிட்டிருப்பவர்கள் நாங்கள். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மஞ்சள் பட்டை. அவர்கள் தங்களை அனுப்பிவைத்த ஏஜென்சியின் ஆட்கள், அவர்களை ஏஜென்சிக்காரர் வந்து எண்ண வேண்டும், அவர் கிண்டியில் இருக்கிறார். ஆகவே ஒத்திகை நாளில் மஞ்சள் பட்டைக்காரர்கள் ஜெனரேட்டர் அறையின் பக்கம் போய் நிற்பார்கள். இப்போதும் அங்கே ஒரு முப்பது பேர் நிற்கிறார்கள். அவர்களை யாரும் எண்ணுவதில்லை. "எங்க மேல தீ பத்தாது போல சார், அதான் எண்ண மாட்டேங்காவ" என்று போன தடவை இசக்கி சொன்னாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சென்னைக்கு வந்து எட்டு வருடமாகியும் பேச்சு மாறவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், நானும் சிரித்தேன். அவள் என்னை சார் என்பாள். இங்கே நீலப் பட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம், நேற்றுச் சேர்ந்த பையன் கூட என்னைப் பரஞ்சோதி என்கிறான். மஞ்சள் பட்டைக்காரர்கள்தான் சார் என்பார்கள். அப்படிச் சொல்லவேண்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அவள் இங்கே வந்த ஆறு வருடத்தில் ஒரு நாளாவது, பேர் சொல்லிக் கூப்பிடுங்க இசக்கி என்று நான் சொல்லியிருக்கலாம்.

மணி அடித்தபோது அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியாது. டென்மார்க்கில் இருக்கும் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு மாதக் கடைசியில் நாங்கள் ஓட்டித் தரவேண்டிய வேலை அது, ஐம்பது நிமிடம் ஓடும், அங்கே அவர்கள் அலுவலகம் திறப்பதற்குள் முடிந்திருக்க வேண்டும். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் திரையில் ஒரு கேள்வி வரும்: தொடரலாமா? இரண்டு நிமிடத்துக்குள் ஆம் என்று கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் எல்லாம் நின்று பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்தக் கேள்வியை வைத்தது நான்தான், பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ஓடவிட்டுவிட்டு யாரும் டீ குடிக்கப் போய்விடக் கூடாது என்பதற்காக. அன்றைக்கு அது எனக்கு ரொம்பப் பொறுப்பான காரியமாகத் தெரிந்தது. இன்றைக்கு அவள் சொன்னாள், "நீங்க போங்க சார். இது பாதியில நின்னா மொதல்லருந்து வரணும். நான் பாத்துக்கிடுதேன்." நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம், எழுந்திருங்க என்றும் சொல்லவில்லை. மேல்சட்டையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பொறுப்பாளர் செய்யவேண்டியதையெல்லாம் செய்தேன், கழிவறைகளைத் தட்டினேன், சாப்பாட்டு அறையைப் பார்த்தேன், கடைசியாகக் கதவருகே நின்று, யாராவது இருக்கீங்களா என்று கத்தினேன். விதிப்படி கத்த வேண்டும். எனக்கும் அவளுக்கும் நடுவே இருபது அடி. அவளுடைய பின்னல் தெரிந்தது, கழுத்தைச் சுற்றிய மஞ்சள் பட்டை தெரிந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வந்தால் நான் கதவைச் சாத்த முடியாது என்ற விதி அவளுக்கும் தெரியும். நான் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

"மொத்தமாக் கீழ இறக்கிட்டாங்க பார்த்தீங்களா" என்று கிஷோர் ஸ்கூட்டர் மேலிருந்து சொல்கிறான். "திரும்பிப் போறப்ப யார் யார் கார்டுக்குக் கதவு திறக்குதுன்னு பார்க்கணும்." "அதுக்கு எதுக்குப்பா இவ்வளவு சத்தமா மணி அடிக்கணும்? ஒரு மெயில் போதாதா?" என்கிறாள் ஹெப்சிபா. "மெயில்லயும் உன் பேரைத் தப்பா எழுதியிருப்பான்." "எழுதட்டுமே. அது வேற யாரோ ஹெப்சிபான்னு சொல்லிட்டு என் சீட்லயே உட்கார்ந்துக்குவேன்." சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள், கொஞ்சம் அதிகமாகவே. ஒரு மாதமாக எல்லோருக்கும் இப்படித்தான் சிரிப்பு வருகிறது. எங்கள் மாடியில் நான்கு பேரை வேலையை விட்டு எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு, ஆறு என்று இன்னொரு பேச்சு. நீலப் பட்டைக்காரன் போவதென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது, ஒரு அறைக்குக் கூப்பிடுவார்கள், மேசையில் முகம் துடைக்கக் காகிதம் வைத்திருப்பார்கள், மூன்று மாதத்துக்குச் சம்பளம் உண்டு, மனசு சரியில்லை என்றால் பேசுவதற்கு ஒரு எண் கூடக் கொடுப்பார்கள். மஞ்சள் பட்டைக்கு அதெல்லாம் இல்லை. ஏஜென்சிக்கு ஒரு வரி எழுதுவார்கள், இன்னாரை விடுவித்தோம் என்று, ஏதோ கட்டிப்போட்டு வைத்திருந்ததைப் போல. மறுநாள் காலையில் வாசலில் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரியாது. ஆட்குறைப்பு என்ற கணக்கிலேயே அது வராது. பேப்பரில் எங்களைப் பற்றி எழுதினால் எண் போட்டு எழுதுவார்கள். அவர்களை அங்கேயும் யாரும் எண்ணுவதில்லை.

நாற்பத்தொன்று. என் மகள் பூரணி சின்னவளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒரு படம் வரும், மரத்துக்குள் பன்னிரண்டு பறவைகள் ஒளிந்திருக்கின்றன, கண்டுபிடியுங்கள் என்று. அவள் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போய்ப் பதின்மூன்று என்றாள். பதின்மூன்றாவது ஓர் இலை மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. பேப்பரைத் தலைகீழாகத் திருப்பி விடையைக் காட்டினேன், பன்னிரண்டுன்னுதானே போட்டிருக்கு என்றேன். "அப்போ இதுக்குக் கண்ணு இருக்கே அப்பா" என்றாள். நான் உற்றுப் பார்க்காமலே, அது அச்சுப் பிழை என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திருப்பினேன். அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. எல்லாமே இசக்கி என் பேரில் வேலை செய்யத் தொடங்கிய அந்த முதல் நாளிலிருந்துதான் என்று தோன்றுகிறது, ஆனால் அந்த முதல் நாளில் தப்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, அதுதான் சிக்கல். மஞ்சள் பட்டைக்காரர்களின் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கும் காகிதம் சுற்றி வருவதற்கு இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் ஆகும், அதுவரை அவர்கள் கணினிக்குள் நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் வேலை செய்யாது. வேலை மட்டும் நிற்காது. அவள் வந்த முதல் வருடம், அப்படி ஒரு திங்கட்கிழமை, வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என் பேர்ல போய்ச் செய்யுங்க இசக்கி, யாரு கேக்கப் போறா" என்று என் கடவுச்சொல்லை ஒரு மஞ்சள் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். உதவிதான் செய்தேன். இந்தக் கட்டடத்தில் எல்லா மாடியிலும் இப்படித்தான் நடக்கிறது. அப்புறம், நேரடியாக டென்மார்க் வேலையை ஓட்டும் உரிமை நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் என்று வந்தது, அவளுக்குத்தான் அந்த வேலை நன்றாகத் தெரியும், ஆகவே மறுபடி என் பேர். அப்புறம் மாற்றி மாற்றி நுழைவதற்குச் சோம்பல்பட்டு எல்லாமே என் பேர். ஒரு வருடத்துக்குள் அவள் காலையில் வந்து என் பேரில் நுழைவாள், சாயங்காலம் என் பேரிலிருந்து வெளியே வருவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், கூட்டங்களுக்குப் போவேன், அறிக்கை எழுதுவேன், அவள் செய்வதைப் பார்த்துத் தலையாட்டுவேன். இரவில் யோசித்துப் பார்த்தால், கடைசியாக நானே ஒரு பிழையைத் தேடித் திருத்தியது எப்போது என்று ஞாபகம் வருவதில்லை.

போன மாதம் அந்த அறிக்கை வந்தது. யாரும் யாரையும் கேட்டு எழுதியதல்ல, ஒரு கணினி நிரல் தானாகவே கணக்கெடுத்தது, ஒரு வருடத்தில் யார் எத்தனை மாற்றங்கள் செய்தார்கள், எத்தனை பிழைகளைத் திருத்தினார்கள் என்று. மாடியிலேயே முதலிடம் பரஞ்சோதி. இரண்டாவது ஆளைவிட இரண்டு மடங்கு. நாற்பத்தாறு வயதில். எங்கள் மேலாளர் ஸ்ரீவத்சன் என் தோளில் தட்டி, "எங்கேருந்து ஓய் உமக்கு இவ்வளவு சக்தி?" என்றார். நான் சிரித்தேன். அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இசக்கியம்மாள் என்ற பெயருக்கு நேரே பதினொன்று என்று இருந்தது. ஒரு வருடத்தில் பதினொன்று. அந்த எண்ணை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு பக்கத்தை மூடினேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும், வருத்தம் எல்லாம் அப்புறம் வந்தது, முதலில் வந்தது நிம்மதி. பூரணி பன்னிரண்டாம் வகுப்பு, நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். நேற்று ஸ்ரீவத்சன் காபி வாங்கும் இடத்தில் கேட்டார், கோப்பையை ஊதிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக. "அந்த இசக்கியோட கான்ட்ராக்ட் வெள்ளிக்கிழமை முடியறது இல்லையா? நம்பரைப் பார்த்தா அவ இல்லாமலே ஓடும் போலிருக்கே. நீங்க சமாளிச்சுடுவீங்கதானே?" நான் சொன்னேன், "சமாளிச்சுடலாம்." ஒரு வினாடி கூட ஆகவில்லை. "நல்லது. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள ஒரு மெயில் போட்டுடுங்கோ, போதும்." அவ்வளவுதான். சமாளிச்சுடலாம். அதைச் சொன்ன வாயோடு என் இடத்துக்குத் திரும்பி வந்தேன், அவள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள், "வெள்ளிக்கெழம என் லாகின் போயிரும் சார், வழக்கம்போல உங்க பேர்ல ஓட்டிக்கிடுதேன். அப்புறம் சார், ஞாயித்துக்கெழம மேடவாக்கத்துல பால் காய்ச்சுதோம். ரெண்டு ரூம் வீடு சார், வாடகைதான், ஆனா தனி வீடு. அக்காவையும் கூட்டிட்டு வந்துருவீயல்லா?" வந்துடறோம் என்றேன். அதற்கும் ஒரு வினாடி ஆகவில்லை.

"சார், அஞ்சாவது மாடி ரெடியா?" மாசிலாமணி வருகிறார். பாதுகாப்பு அதிகாரி, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசையைத் தவிர உடம்பில் வேறு எதுவும் அசையாமல் நடப்பார். "ஒரு நிமிஷம், இன்னொரு தடவை எண்ணிடறேன்" என்கிறேன். "எண்ணுங்க, எண்ணுங்க. மேல பார்த்தீங்களா? புகை மெஷின், புதுசு. இந்தத் தடவை நிஜமாவே ஒத்திகை மாதிரி இருக்கணும்னு உங்க மாடியிலதான் வெச்சிருக்கோம்." நிமிர்ந்து பார்க்கிறேன். ஐந்தாவது மாடிப் படிக்கட்டுப் பக்கத்துக் காற்றுத் திறப்பிலிருந்து வெள்ளையாக, பஞ்சு மாதிரி, மெதுவாக வெளியே வந்து வெயிலில் கரைகிறது. பார்க்க அழகாகக் கூட இருக்கிறது. "அது மூச்சுக்கு ஒண்ணும் பண்ணாதே?" என்று கேட்கிறேன், என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலிருக்கிறது. "நல்லா இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. வீசிங் இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் இழுக்கும். ஆனா உள்ளதான் யாரும் இல்லையே சார்." யாரும் இல்லை. இசக்கிக்கு வீசிங் உண்டு. டிசம்பர் மாதம் முழுக்க, அவள் மூச்சு விடும் சத்தம் என் காதோரம் கீச் கீச்சென்று கேட்கும். அவளுடைய இன்ஹேலர் கைப்பையில் இருக்கும், கைப்பை தரைத்தளத்துப் பெட்டியில் இருக்கும், மஞ்சள் பட்டைக்காரர்கள் பையும் செல்போனும் மாடிக்குக் கொண்டுபோகக் கூடாது. இன்ஹேலரை மட்டும் மேசையில் வைத்துக்கொள்ள அனுமதிப் படிவம் ஒன்று இருக்கிறது, ஒரு நிரந்தர ஊழியர் கையெழுத்துப் போட வேண்டும். ஜனவரியில் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் சீட்டும் வேண்டுமா என்று பார்த்துவிட்டுப் போடலாம் என்று இரண்டாவது இழுப்பறையில் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது, ஒரு பழைய நாட்காட்டிக்கு அடியில். அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டும்.

செல்போனை எடுத்து என் மேசைத் தொலைபேசிக்கே அடிக்கிறேன். என் எண்ணுக்கு நான் அடிப்பது இதுதான் முதல் தடவை. மணி போகிறது. ஐந்தாவது மாடியில் யாருமில்லாத கூடத்தில், புகைக்கு நடுவே, அவள் முழங்கைக்குப் பக்கத்தில் அது அடித்துக்கொண்டிருக்கும். எடு இசக்கி. எடுத்துவிட்டால், எழுந்து வந்துவிடுங்க, அது நின்றால் நிற்கட்டும் என்று சொல்லிவிடுவேன், யாருக்கும் தெரியாமல் இறங்கி ஜெனரேட்டர் பக்கம் போய்விடுவாள், எல்லாம் சரியாகிவிடும். ஆறு, ஏழு, எட்டு. எடுக்க மாட்டாள். எனக்குத் தெரியும். எடுக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன், மூன்று வருடத்துக்கு முன்பு. "என் போனை மட்டும் எடுத்துடாதீங்க இசக்கி, ஸ்ரீவத்சனா இருந்தா, பரஞ்சோதி மெஷின்ல நீங்க என்ன பண்றீங்கன்னு கேப்பாரு." சரி சார் என்றாள். அதற்குப் பிறகு ஒரு தடவை கூட எடுத்ததில்லை. சொன்னதைச் செய்கிற பெண். மணி நின்றுவிட்டது. மறுபடி அடிக்கிறேன், அது நடுவிலேயே அறுந்துபோகிறது. பத்து நாற்பத்தொன்பது. அந்தக் கேள்வி இன்னும் வந்திருக்காது. தொடரலாமா?

ஒரு வாக்கியம் போதும். மாசிலாமணி, மேலே ஒருத்தங்க இருக்காங்க. ஐந்து சொற்கள் கூட இல்லை. சொன்னால், யார் என்பார். எங்கே என்பார். பரஞ்சோதி சார் மெஷினில் அந்தம்மாவுக்கு என்ன வேலை என்று அவர் கேட்காவிட்டாலும் ஸ்ரீவத்சன் கேட்பார், அதோ இரண்டடி தள்ளி நின்று ஹெப்சிபாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். கடவுச்சொல்லை இன்னொருவருக்குக் கொடுப்பது இங்கே வேலையே போய்விடும் குற்றம். வருடா வருடம் அதைப் பற்றிப் படம் காட்டி, இருபது கேள்வி கேட்டு, சான்றிதழ் கொடுக்கிறார்கள். என்னுடைய சான்றிதழையும் இசக்கிதான் எடுத்தாள். அதைச் சொன்னால் அந்த முதலிடம் யாருடையது என்பதும் தெரிந்துபோகும். அப்படியானால் பதினொன்று யாருடையது? நான் எழுதியது கூட அவ்வளவு இருக்காது. நியாயமாகப் பார்த்தால் நான்தான் கடைசிப் பக்கம். மாசிலாமணி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "மெஷினை இப்பவே நிறுத்திட முடியாதா?" என்று கேட்கிறேன். "எல்லா மாடியும் முழு எண்ணிக்கை கொடுத்தாத்தான் சார் நிறுத்துவோம். மத்த அஞ்சு மாடியும் கொடுத்தாச்சு. உங்களுக்காகத்தான் வெயிட்டிங்." அப்படியானால் நான் கையெழுத்துப் போட்டால் புகை நிற்கும். கையெழுத்துப் போடுவதுதான் அவளுக்கு நல்லது. சீக்கிரம் போடுவது இன்னும் நல்லது. இந்த நினைப்பு எவ்வளவு வேகமாக வந்தது, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, எங்கிருந்துதான் இப்படிப்பட்டவை எனக்குக் கிடைக்கின்றன. அன்றைக்கு மஞ்சள் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்ததும் அவளுக்கு நல்லதுதானே. போன் எடுக்காதே என்றதும் அவளுக்கும் நல்லதுதானே. தாளின் கீழே, அனைவரும் வெளியேறினர் என்று அச்சடித்த வரிக்கு அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மாசிலாமணி வாக்கிடாக்கியில், "ஐந்து, ஃபுல்" என்கிறார்.

புகை உடனே நிற்கவில்லை. மெலிந்து, விட்டுவிட்டு, பிறகு இல்லாமல் போகிறது. எல்லோரும் மேலே பார்த்துக் கை தட்டுகிறார்கள். நான் படிக்கட்டுக் கதவையே பார்க்கிறேன். பத்து ஐம்பத்து மூன்று. கேள்வி வந்திருக்கும். பத்து ஐம்பத்து ஐந்து. ஒரு நாளும் ஒரு நிமிடம் இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. அவள் தரையில் விழுந்து கிடப்பது போலவும், இரண்டாவது இழுப்பறை திறந்து கிடப்பது போலவும் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பால் பொங்குவதைப் பார்க்கிறேன், அதைச் சுற்றி நிற்பவர்களின் முகத்தில் வேலை போன செய்தி ஒட்டியிருப்பதைப் பார்க்கிறேன். கதவு திறக்கிறது. இசக்கி வருகிறாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு, குனிந்து குனிந்து இருமுகிறாள். நேராகத் தரைத்தளத்துப் பெட்டிப் பக்கம்தான் போகிறாள், இன்ஹேலருக்கு. மாசிலாமணி குறுக்கே போய் நிற்கிறார். "நில்லும்மா. ஒத்திகை முடிஞ்சு வர்றே? எந்த மாடி நீ?" அவள் தலையை நிமிர்த்துகிறாள். கண் சிவந்து தண்ணீர் ஓடுகிறது. சுற்றி ஒரு தடவை பார்க்கிறாள், ஆரஞ்சுச் சட்டையில் என்னைப் பார்க்கிறாள், அட்டை இல்லாத என் கைகளைப் பார்க்கிறாள், நான் தாளைக் கொடுத்துவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. "மூணாவது மாடி சார்" என்கிறாள், இருமலுக்கு நடுவே. "பாத்ரூம்ல இருந்துட்டேன். மணி கேக்கலை." மாசிலாமணி அவள் கழுத்தைப் பார்க்கிறார். மஞ்சள். "சரி சரி, ஏஜென்சியா? போய் அந்தப் பக்கம் நில்லு. இங்க கணக்கு முடிஞ்சுது." அவள் பையை எடுத்து, இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்துக்கொண்டு, ஜெனரேட்டர் பக்கம் நடக்கிறாள். என்னைத் தாண்டும்போது, நிற்காமல், உதட்டை மட்டும் அசைத்து, "தொடரலாமான்னு கேட்டுது சார். ஆம்னு குடுத்துட்டேன். இனி தானா ஓடும்" என்கிறாள். குரலே இல்லை, வெறும் காற்று.

ஒலிபெருக்கியில் மாசிலாமணி பேசுகிறார். எண்ணிக்கை கடைசியாக வந்தாலும் ஆறு மாடிகளில் முதலாவதாகக் காலி செய்த மாடி ஐந்தாவது மாடி, நாலு நிமிஷம் இருபது வினாடி, பொறுப்பாளர் பரஞ்சோதி அவர்களுக்குப் பாராட்டு. கிஷோர் விசிலடிக்கிறான். "காலி பண்றதுல நம்ம மாடிதான்யா ஃபர்ஸ்ட்" என்கிறாள் ஹெப்சிபா, மறுபடி அந்தச் சிரிப்பு. ஸ்ரீவத்சன் வந்து என் தோளில் தட்டுகிறார், அறிக்கை வந்த அன்று தட்டிய அதே இடத்தில். "எதுலயும் முதல்தான் நீங்க. அப்புறம் அந்தப் பன்னிரண்டு மணி மெயில் மறந்துடாதீங்கோ." மறக்கவில்லை. எழுதக் கூட வேண்டாம், ஒரு வரி, சமாளிச்சுடலாம். அவள் எனக்காகப் பொய் சொன்னாள். மூச்சு இல்லாமல், யோசிக்க நேரம் இல்லாமல், ஒரு வினாடி கூட ஆகாமல். நானும் நேற்று ஒரு வினாடி கூட எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பாளா? சொல்லியிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது, அதை நினைக்கத்தான் முடியவில்லை. கால் நடக்கிறது. நான் ஏதோ முடிவு செய்துவிட்டு நடக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாசிலாமணியிடம், "அந்தத் தாளைக் கொடுங்க" என்கிறேன். "எதுக்கு சார்? அதான் சைன் ஆயிடுச்சே." "ஒரு ஆள் விட்டுப்போச்சு." "விட்டுப்போச்சா? ஃபுல்னு சொல்லிட்டேனே சார், மைக்லயும் சொல்லிட்டேன்." "எங்க மாடி ஃபுல் இல்ல. உள்ள ஒருத்தங்க இருந்தாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்." அவருடைய மீசை அசைகிறது. பேச்சு நின்று, புங்கமரத்தடியில் தலைகள் திரும்புவது கழுத்தின் பின்புறம் தெரிகிறது. "யாரு?" என்று கேட்பது அவர் குரல் இல்லை, ஸ்ரீவத்சன் குரல்.

நான் திரும்பிப் பார்க்காமல் அட்டையை வாங்கிக்கொண்டு நடக்கிறேன். ஜெனரேட்டர் பக்கம் முப்பது அடி இருக்கும். இந்த ஆறு வருடத்தில் ஒத்திகை நாளில் இந்தப் பக்கம் வந்ததே இல்லை, இங்கே நிழல் இல்லை என்பது கூட எனக்குத் தெரியாது. நாற்பத்தொன்றுக்குக் கீழே, அனைவரும் வெளியேறினர் என்ற வரிக்கு மேலே, விரல் அகலத்துக்கு இடம் இருக்கிறது. நாற்பத்திரண்டு என்று எழுதுகிறேன், பக்கத்தில் இசக்கியம்மாள் என்று எழுதுகிறேன், எழுத்து கோணலாகப் போகிறது, மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடுகிறேன். அவள் தூரத்திலிருந்தே தலையை ஆட்டுகிறாள், வேண்டாம், வேண்டாம் என்று. மஞ்சள் பட்டைக்காரர்கள் எனக்கு வழி விடுகிறார்கள். "என்ன சார் பண்ணுதீய?" என்கிறாள் கிசுகிசுப்பாக. "அதான் நான் சொல்லிட்டேன்லா. உங்களுக்குப் பிரச்சனை ஆயிரும் சார். போங்க சார்." என் பின்னால் காலடிச் சத்தம் வருகிறது, ஸ்ரீவத்சனின் ஷூ, அதற்குப் பின்னால் மாசிலாமணியின் பூட்ஸ். வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும், சமாளிச்சுடலாம் என்று நான் சொன்னதைச் சொல்ல வேண்டும், பதினொன்றைச் சொல்ல வேண்டும், இரண்டாவது இழுப்பறையைச் சொல்ல வேண்டும், அவர்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. அட்டையை அவள் முன்னால் நீட்டுகிறேன், பேனாவைக் கொடுக்கிறேன். "கையெழுத்துப் போடுங்க இசக்கி." அவள் பேனாவை வாங்கிக்கொள்கிறாள், நான் கொடுத்த எதையும் அவள் வாங்காமல் இருந்ததில்லை. தாளைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். மூச்சு இன்னும் கீச் கீச்சென்று இழுக்கிறது. கேலி இல்லை, கோபம் இல்லை, வழக்கமாக வேலை ஆரம்பிக்கும் முன்பு எப்படிக் கேட்பாளோ அப்படித்தான் கேட்கிறாள்.

"எந்தப் பேர்ல சார்?"